கிரேட் கில்டுக்கு எத்தனை கஜம் துணி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஆண்கள் 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உடுத்திய பெரிய கம்பளி ஆடைதான் கிரேட் கில்ட். கேலிக் மொழியில் ஃபேலா மோர் என்பார்கள். உடம்புக்கேற்ப வெட்டித் தைப்பதெல்லாம் கிடையாது. நீளமான ஒரு துணியை இடுப்பில் கொசுவி, மேலே பெல்ட்டைப் போட்டு இறுக்கி, மிச்சத்தைத் தோளில் ஏற்றிக்கொள்வார்கள். அந்தக் காலத்து வாழ்க்கையை நடித்துக் காட்டும் ஒரு சின்னக் குழுவுக்கு நான் உடை தயார் செய்கிறேன். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்பவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எத்தனை கஜம் வாங்க வேண்டும்?

54 முதல் 60 அங்குலப் பன்னா (துணியின் அகலம்) உள்ள துணியானால் நடுத்தர உடம்புக்கு 5 கஜம். ஒல்லியானவருக்கு 4 கஜம். இடுப்பு 44 அங்குலத்தைத் தாண்டினால் 6 கஜம். மீட்டரில் கேட்கும் கடையென்றால் முறையே 4.6, 3.7, 5.5 என்று சொல்லுங்கள்.

பன்னா என்ன என்று சொல்லாமல் கஜக் கணக்கை மட்டும் ஒருவர் சொன்னால் அதைக் காதில் வாங்காதீர்கள். இந்த விஷயத்தில் நடக்கிற குழப்பம் முழுவதும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

9 கஜம் வேண்டும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள். நானும் அதை நம்பித்தான் முதல் தடவை 58 அங்குலப் பன்னாவில் 9 கஜம் வாங்கினேன். கூடத்தில் விரித்தால் சோபாவை நகர்த்தியும் இடம் போதவில்லை. கொசுவி முடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தபோது முதுகுக்குக் கீழே ஒரு மெத்தையைச் சுருட்டிக் கட்டியது போல இருந்தது. கண்ணாடியில் பார்த்த என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, போனை எடுத்துப் படம் பிடித்தாள். அந்தத் துணியில் இப்போது இரண்டு பேருக்கு கில்ட் இருக்கிறது.

9 கஜம் என்ற எண் பொய்யில்லை. அது ஒத்தைப் பன்னாவுக்கான கணக்கு. ஒரே ஆள் உட்கார்ந்து நெய்யும் கைத்தறியில் ஊடை நூல் சுற்றிய நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். கை எட்டும் அகலம்தான் துணியின் அகலம். அன்றைய மலைநாட்டுத் துணி பெரும்பாலும் 25 முதல் 30 அங்குலப் பன்னாவில்தான் வந்தது. ஓர் ஆளை முழங்காலிலிருந்து தோள் வரை மூட அது போதாது. அதனால் 9 கஜத்தை நடுவில் வெட்டி, இரண்டு துண்டையும் நீளவாக்கில் ஒட்ட வைத்து மூட்டிவிடுவார்கள். கைக்கு வருவது நாலரை கஜ நீளம், 50 முதல் 60 அங்குல அகலம். இன்றைய விசைத்தறித் துணி பிறக்கும்போதே ரெட்டைப் பன்னா. அதில் போய் 9 கஜம் வாங்கினால் தேவையைப்போல இரண்டு மடங்கு வாங்குகிறோம்.

நம் ஊர் 9 கஜப் புடவை நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் புடவை மெல்லிய பட்டு அல்லது பருத்தி. இது கம்பளி.

பழைய எழுத்துகளில் அளவு ஏதாவது இருக்கிறதா?

அதிகம் எடுத்துக்காட்டப்படுவது மார்ட்டின் மார்ட்டின் எழுதியது. ஸ்கை தீவில் பிறந்தவர், கேலிக் தெரிந்தவர். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றிய அவருடைய புத்தகம் 1703இல் வந்தது. ஆண்களின் ப்ளெய்ட் (கில்டாகக் கட்டும் போர்வை) நீளம் பொதுவாக ‘ஏழு இரட்டை எல்’ என்கிறார்.

எல் என்பது ஸ்காட்லாந்தின் பழைய துணி அளவு. நம் முழம் போல இதுவும் கையிலிருந்து பிறந்ததுதான், ஆனால் ஸ்காட்லாந்து எல் 37 அங்குலம், கிட்டத்தட்ட இரண்டு முழம். ‘இரட்டை’ என்பதற்கு ரெட்டைப் பன்னா என்று பொருள் கொண்டால் 7 எல் என்பது 259 அங்குலம். ஏறக்குறைய 7 கஜம், 6.6 மீட்டர். வேறு சிலர் 7 எல் ஒத்தைப் பன்னாவை இரண்டாக்கி மூட்டியது என்று படிக்கிறார்கள். அப்படியானால் மூன்றரை கஜத்துக்குச் சற்று மேல்தான் வரும். முதல் பொருள்தான் இயல்பானது என்பது என் கட்சி. மூன்றரை கஜத்தில் ஒல்லியான பையனுக்குக் கட்டலாம், வளர்ந்த ஆளுக்குப் பின்னால் கொசுவமே விழாது.

இன்னொரு அளவு ராணுவத்திலிருந்து வருகிறது. பிளாக் வாட்ச் எனப் பின்னாளில் பெயர் பெற்ற மலைநாட்டுப் படைப்பிரிவின் ஆரம்பகாலச் சிப்பாய்க்கு 12 கஜ டார்ட்டன் (கட்டம் போட்ட) ப்ளெய்ட் இருந்ததாக, அதே படையில் பணியாற்றிய டேவிட் ஸ்டூவர்ட் 1822இல் எழுதினார். அதையும் ஒத்தைப் பன்னாவாக எடுத்துக்கொண்டு மூட்டினால் 6 கஜம். 12 கஜ ரெட்டைப் பன்னாவைச் சுற்றிக்கொண்டு ஒரு சிப்பாய் மலையேறியிருப்பான் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆக, ஆவணத்தை ஒட்டியே நிற்பேன் என்பவர் 6 அல்லது 7 கஜம் எடுக்கலாம். மற்றவர்களுக்கு 5 போதும். மலைநாட்டில் எல்லோரும் ஒரே நீளத்தில் கட்டினார்கள் என்றும் எண்ண வேண்டாம். நூலும் நெசவுக்கூலியும் காசு. மடிப்பு கூடினால் மடியில் கனம் இருக்கிறது என்று அர்த்தம்.

என் இடுப்பளவுக்கு நானே கணக்குப் போட முடியுமா?

முடியும். 36 அங்குல இடுப்பை எடுத்துக்கொள்வோம். துணியின் இரண்டு முனையிலும் கொசுவம் இல்லாமல் தட்டையாக விடும் பகுதிகள் முன்புறம் ஒன்றின்மேல் ஒன்று வரும். அவை ஒவ்வொன்றும் 20 அங்குலம், மொத்தம் 40. பின்புறம் 20 கொசுவம் வைக்கிறோம். வெளியே தெரிவது 1 அங்குலம், உள்ளே மடிவது போகவர 3 அங்குலம் வீதம் 6. ஒரு கொசுவம் 7 அங்குலத் துணியைத் தின்கிறது. 20 கொசுவத்துக்கு 140. முன்பக்க 40ஐக் கூட்டினால் 180 அங்குலம். சரியாக 5 கஜம்.

46 அங்குல இடுப்புக்கு முன்பக்கம் இரண்டு 25, பின்னால் 23 கொசுவம் என்று வைத்தால் 211 அங்குலம் வரும், 6 கஜம் வாங்குங்கள். 30 அங்குல இடுப்புக்கு இரண்டு 17, பின்னால் 15 கொசுவம். 139 அங்குலம், 4 கஜத்தில் முடிந்துவிடும்.

இடுப்பை அளக்கும்போது சட்டைக்கு மேலே அளவுநாடாவை வையுங்கள். உள்ளே முழங்கால் வரை தொங்கும் லினன் சட்டை இருக்கும். பேன்ட் அளவை நினைவிலிருந்து சொல்பவர்களுக்கு என் அனுபவத்தில் எப்போதும் இரண்டு அங்குலம் உதைக்கும்.

உயரமாக இருந்தால் நீளம் கூட வேண்டுமா?

நீளம் சுற்றளவுக்கு. உயரத்துக்கு வேண்டியது பன்னா. ஐந்தடி எட்டு அங்குல ஆளுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை சுமார் 24 அங்குலம் போகும். 54 அங்குலப் பன்னாவில் பெல்ட்டுக்கு மேலே 30 மிஞ்சும். தோளில் ஏற்றிக் குத்த அது போதும். ஆறடிக்கு மேல் உள்ளவர்கள் 60 அங்குலப் பன்னாவைத் தேடுங்கள். 54இல் கட்டினால் தோளுக்கு எட்டும், ஆனால் மழை வந்து தலைக்கு இழுத்தால் போதாது.

துணியை நடுவில் மூட்டித்தான் ஆக வேண்டுமா?

மேடைக்கோ ஊர்வலத்துக்கோ என்றால் வேண்டாம். மூட்டு இருந்தாலும் பெல்ட்டும் கொசுவமும் அதை மறைத்துவிடும், பத்தடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. அன்றைய முறையிலேயே செய்ய ஆசை, ஒத்தைப் பன்னாவில் நெய்து தர ஆளும் இருக்கிறார் என்றால் தாராளமாக மூட்டுங்கள்.

அப்படி மூட்டிய பழைய ப்ளெய்ட்களில் ஒரு நுணுக்கம் உண்டு. நெசவாளர் பாவு ஓட்டும்போதே, ஒரு கரையில் கட்டம் பாதியோடு நிற்கும்படி நூலை எண்ணி வைப்பார். வெட்டிய இரண்டு துண்டின் அந்தக் கரைகளைச் சேர்த்தால் இரண்டு பாதியும் ஒரு முழுக் கட்டமாகிவிடும். எதிர்க்கரையில், அதாவது வெளியே தெரியும் ஓரத்தில், சில நேரம் தனியாக ஒரு பட்டை ஓட்டியிருப்பார்கள். மூட்டு எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதைக் கடைத்துணியில் செய்ய முயன்றால் கட்டம் சேராது. நான் ஒரு முறை முயன்று, நீளம் முழுவதும் பிரித்தேன்.

என்ன துணி? எவ்வளவு கனம்?

கம்பளி, ட்வில் நெசவு (சாய்கோடு விழும் நெசவு). கடையில் ஒரு கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். 11 முதல் 13 அவுன்ஸ் நல்லது. 13 அவுன்ஸில் 5 கஜம் எடுத்தால் மொத்தம் 1.8 கிலோ. இன்றைய தைத்த கில்டுக்கு விரும்பி எடுக்கும் 16 அவுன்ஸ் துணியில் 9 கஜம் என்றால் 4 கிலோவைத் தாண்டும். பெல்ட்டுக்கு மேலே மடிந்து தொங்கும் பாதி அவ்வளவு கனமாக இருந்தால் மாலைக்குள் தோள் கடுக்கும்.

அக்ரிலிக் மலிவு, பார்வைக்கும் மோசமில்லை. எங்கள் குழுவில் ஒரு தம்பி அதில்தான் கட்டியிருந்தான். இரவு தீ மூட்டி உட்கார்ந்தபோது ஒரே ஒரு பொறி பறந்து தொடைமேல் விழுந்தது. கம்பளியானால் கருகி நாற்றமடித்து அணைந்திருக்கும். இது உருகி, ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஓட்டை விழுந்து, ஓரம் பிளாஸ்டிக்காக இறுகிவிட்டது. நல்லவேளை, உள்ளே சட்டை இருந்தது. தீப்பக்கம் போவதானால் கம்பளியைத் தவிர வேறு வேண்டாம்.

தரையில் படுத்துத்தான் கட்ட வேண்டுமா?

கற்றுக்கொள்ள அதுதான் சுலபம். பெல்ட்டைத் தரையில் நீட்டி வைத்து, அதன்மேல் துணியின் நீளம் பெல்ட் ஓடும் திசையிலேயே வரும்படி விரியுங்கள். பெல்ட்டுக்குக் கீழே வரும் பகுதி உங்கள் இடுப்பு–முழங்கால் நீளம் இருக்கட்டும். ஒரு முனையில் தட்டையாக விட்டுவிட்டு, புடவைக்குக் கொசுவுவது போலவே, ஆனால் மண்டியிட்டபடி, நடுவை மடித்துக்கொண்டே போங்கள். மறுமுனையிலும் தட்டையாக விடுங்கள். கொசுவத்தின்மேல் மல்லாந்து படுத்து, கீழ் ஓரம் முழங்காலின் பின்புறம் படுகிறதா என்று பாருங்கள். முதலில் உங்கள் வலப்பக்க முனை வயிற்றின் குறுக்கே, பிறகு இடப்பக்கம் அதன்மேல். பெல்ட்டை மாட்டி மூச்சை இழுத்து இறுக்கி எழுந்திருங்கள். மேல் பாதி இப்போது பாவாடைக்கு மேல் பாவாடை போலத் தொங்கும். அதைப் பின்புறமிருந்து அள்ளி இடது தோளில் குத்துங்கள். வலக்கை வாள் பிடிக்கும் கை, அது சும்மா இருக்க வேண்டும்.

தினமும் காலையில் மழையில் நனைந்த தரையில் ஒவ்வொருவனும் படுத்து எழுந்தானா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கையில்லை. பழகியவர்கள் நின்றபடியே கையில் கொசுவி மூன்று நிமிடத்தில் கட்டுகிறார்கள். துணியின் உள்பக்கம் சின்ன வளையங்கள் தைத்து நாடா கோத்து இழுப்பவர்களும் உண்டு.

எந்த டார்ட்டன் எடுப்பது? என் நண்பரின் குலத்துக்கு ஒரு டார்ட்டன் இருக்கிறதாம்.

இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. லண்டன் ஹைலேண்ட் சொசைட்டி குலத்தலைவர்களிடமிருந்து மாதிரி கேட்டு வாங்கத் தொடங்கியது 1815இல். நான்காம் ஜார்ஜ் மன்னர் 1822இல் எடின்பரோவுக்கு வந்தபோது ஆளுக்கொரு டார்ட்டன் தேடி ஓடினார்கள். பானக்பர்னில் இருந்த வில்சன் நெசவாலைக்கு நல்ல வியாபாரம். கலோடன் போரில், 1746இல், ஜேக்கபைட்டுகளை (பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகப் போரிட்டவர்களை) அடையாளம் காட்டியது தொப்பியில் குத்திய வெள்ளை ரிப்பன் முடிச்சு. டார்ட்டன் இல்லை.

1600களுக்கு உடுத்துவதானால் குலப்பெயரை மறந்துவிட்டு நிறத்தைப் பாருங்கள். கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கில் கரிச்சேற்றிலிருந்து கிடைத்த 55க்கு 43 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை 1500–1600 காலத்தது என்று கணித்து, 2023இல் டண்டீ நகரில் உள்ள வி&ஏ அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். பச்சை, பழுப்பு, அத்துடன் சிவப்பும் மஞ்சளும் இருந்திருக்கின்றன. எல்லோரும் மங்கிய மண் நிறத்தில்தான் திரிந்தார்கள் என்று நினைப்பவர்கள், 1683 வாக்கில் ஜான் மைக்கேல் ரைட் தீட்டிய மங்கோ மர்ரே பிரபுவின் ஓவியத்தைப் பாருங்கள். வேட்டைக் கோலத்தில் நிற்கும் அந்த இளைஞனின் இடுப்பில் எத்தனை மடிப்பு, எவ்வளவு துணி!

ப்ளெய்ட் என்றால் கட்டம் போட்ட துணிதானே?

அமெரிக்காவில் அப்படி. கேலிக்கில் அது போர்வை. கட்டத்துக்குப் பெயர் டார்ட்டன்.

இதை உண்மையிலேயே போர்வையாகவும் பயன்படுத்தினார்களா?

அளவு இவ்வளவு பெரிதாக இருக்கக் காரணமே அதுதான் என்பேன். பாவாடை மட்டும் போதுமென்றால் பாதித் துணியில் முடித்திருக்கலாமே. இன்வர்னஸ் பக்கம் இருந்த எட்மண்ட் பர்ட் என்ற ஆங்கிலேயர் எழுதிய கடிதங்கள் 1754இல் புத்தகமாக வந்தன. குளிர்காற்று வீசும் இரவில் மலையில் படுக்க நேர்ந்தால், மலைநாட்டுக்காரர்கள் ப்ளெய்டை ஓடையில் முக்கி நனைத்து, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி உடம்பு முழுதும் போர்த்தி, காற்றுப்படாத சரிவில் படுத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டதை எழுதுகிறார். ஈரமும் உடம்புச் சூடும் சேர்ந்து கொதிக்கும் கெண்டி போல ஆவி கிளம்புமாம். நனைந்த கம்பளி தடித்து, காற்றை உள்ளே விடாது என்பது அதற்கு அவர் கேட்ட விளக்கம். பரீட்சை செய்து பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. காய்ந்த 5 கஜத்தில் அக்டோபர் மாத இரவு ஒன்றைக் கூடாரத்தில் கழித்திருக்கிறேன். பாதத்தைத் தவிர மற்றதெல்லாம் சூடாகவே இருந்தது.

வில்லியம் வாலஸ் வேடத்துக்கு எத்தனை கஜம்?

பூஜ்யம். வாலஸ் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட ஸ்காட்லாந்து வீரர், 1305இல் கொல்லப்பட்டவர். பெல்ட் கட்டிய ப்ளெய்டைப் பற்றிய முதல் தெளிவான குறிப்பு 1594இல் அயர்லாந்துக்குக் கூலிப்படையாகப் போன ஸ்காட்லாந்துத் தீவுக்காரர்களைப் பற்றியது. பலநிறப் போர்வை, அதற்கு வெளியே பெல்ட் என்று அந்த ஐரிஷ் எழுத்து வேறுபடுத்திக் காட்டுகிறது. சினிமா என்ன காட்டினாலும் இடையில் முந்நூறு வருடம் இருக்கிறது.

இப்போது கல்யாணத்துக்குப் போடும் கில்டுக்கும் இதே அளவுதானா?

தைத்த கில்டை ‘8 கஜக் கில்ட்’ என்பார்கள். அதுவும் ஒத்தைப் பன்னாக் கணக்கு. 4 கஜ ரெட்டைப் பன்னாவை நீளவாக்கில் பிளந்தால் 8 கஜம் கிடைக்கும். மேல் பாதியை வெட்டி எறிந்து கீழ்ப்பாதியை மட்டும் வைத்துக்கொண்டதுதான் ஃபேலா பெக் என்ற சின்ன கில்ட். 1720களில் கிளென்கேரியில் இரும்பு உருக்கிய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர் தம் வேலையாட்களுக்காக அதை உண்டாக்கினார் என்று 1768ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று சொல்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கூடியிருக்கும் மதுக்கடையில் இதை எடுத்துவிடாதீர்கள். கலோடன் தோல்விக்குப் பிறகு 1747 ஆகஸ்டிலிருந்து மலைநாட்டு உடையே தடை செய்யப்பட்டது. மாட்டினால் ஆறு மாதச் சிறை, மறுபடி மாட்டினால் ஏழு வருடம் நாடு கடத்தல். ராணுவத்துக்கு மட்டும் விலக்கு. 1782இல் தடை நீங்கியபோது பெரியதை மறுபடி கட்ட ஆளில்லை, சின்னதுதான் நிலைத்தது.

பெண்களுக்கு?

அவர்கள் கட்டியது அரிசேட் என்ற வேறு ஆடை. மார்ட்டின் சொல்வது வெள்ளைத் தளத்தில் கறுப்பு, நீலம், சிவப்பு மெல்லிய கோடுகள், கழுத்திலிருந்து குதிகால் வரை, மார்பில் வெள்ளி அல்லது பித்தளைக் கொக்கி. 4 கஜம் ரெட்டைப் பன்னாவில் நன்றாக வரும்.

ஓரம் மடித்துத் தைக்கலாமா? எப்படித் துவைப்பது?

கீழ் ஓரம் தறிக்கரை. அதைத் தொடவே கூடாது, மடித்துத் தைத்தால் கொசுவம் விறைத்து நிற்கும். வெட்டிய இரண்டு முனைகளில் ஓர் அங்குலத்துக்கு ஊடை நூலை உருவிவிட்டு, பாவு நூலைக் குஞ்சமாக முறுக்கிவிடுங்கள். துவைப்பது அநேகமாக வேண்டியதில்லை, காற்றில் உலர்த்தித் தட்டினால் போதும். வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டீர்களானால் 5 கஜம் வாங்கியவர் 4 கஜத்தோடு வெளியே வருவார்.

வாங்குவதற்கு முன் பழகிப் பார்க்க வழி உண்டா?

இரண்டு பழைய படுக்கை விரிப்புகளை முனையோடு முனை தைத்துக்கொண்டு கட்டிப் பாருங்கள். பருத்தி என்பதால் கொசுவம் நழுவும், கம்பளி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு உட்காருங்கள், குனிந்து செருப்பு வாரைக் கட்டுங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள். முன்பக்கம் விலகினால் தட்டை முனைகளுக்கு இன்னும் நான்கு அங்குலம் சேர்த்துவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போங்கள்.